ஊசி வேண்டாம் என்றதற்கு ட்யூட்டி இல்லையா?

கேள்வி: மேடம், தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏழு வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். சம்பளம் 19,500 ரூபாய். என்.ஏ.பி.எச். தரச்சான்றுக்கு ஆய்வு வரப்போகிறது, அதனால் எல்லோரும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசி மூன்று டோஸும் போட்டே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை உண்டு, அதையும் எங்கள் லேபிலேயே எடுக்க வேண்டுமாம். ஊசிக்கான பணம் சம்பளத்தில் பிடித்தம். 2021இல் கொரோனா ஊசி இரண்டாவது டோஸ் போட்ட இடத்திலேயே நான் மயங்கி விழுந்தேன். அதிலிருந்து எனக்கு ஊசி என்றாலே பயம். (நானே தினமும் ஐம்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன், சிரிக்காதீர்கள்.) வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரமே ட்யூட்டி சார்ட்டில் என் பெயர் இல்லை. 'ஊசி போட்டுவிட்டு வாங்க' என்று வாயால் சொல்கிறார்களே தவிர, எழுத்தில் எதுவும் தரவில்லை. 22 நாள் ஆகிவிட்டது. 'நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் நல்லபடியா தர்றோம்' என்கிறார் எச்.ஆர். இல்லையென்றால் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஊசியை நானாக மறுத்தேன், இந்த நோய் வந்தால் மருத்துவமனை பொறுப்பல்ல, எந்த இழப்பீடும் கேட்க மாட்டேன் என்று அதில் இருக்கிறது. விசிட்டிங் டாக்டர்களையும் கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஆயாக்களையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழாநெல்லி சாப்பிட்டால் போதும் என்கிறார் மாமியார். என் அம்மா கல்லீரல் கெட்டுத்தான் 49 வயதில் போனார். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ராஜினாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுக்காதீர்கள். தட்டச்சு செய்து நீட்டினாலும், தேதி போடாமல் கேட்டாலும், 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்றாலும் கையெழுத்து வேண்டாம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா சட்டப்படி ராஜினாமாவே அல்ல என்று வாதாடலாம், நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் மூடிய அறைக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பின்னால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அந்த அறையில் உங்கள் பக்கம் சாட்சி யாரும் இருக்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தை அனுப்பிய பிறகு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் முன் திரும்பப் பெறுவதாக இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

சரி, ஊசி விஷயத்துக்கு வருவோம்.

மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி என்பது என்.ஏ.பி.எச்.காரர்கள் புதிதாகக் கொண்டுவந்த சடங்கு கிடையாது. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின் 4ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். மருத்துவக் கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் 'மற்றவர்களுக்கும்' ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. வேலையில் சேரும்போது ஒரு முறையும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த விதியின் தலைப்பு, இடத்தை நடத்துபவரின் கடமைகள். ஆக, கடமை உங்கள் நிர்வாகத்தின் தலையில் இருக்கிறது. நீங்கள் சேர்ந்த அன்றே அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஏழு வருடம் சும்மா இருந்துவிட்டு, ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றதும் உங்கள் காசில் அந்தக் கடமையை முடிக்கப் பார்க்கிறார்கள். பிடித்தம் செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை. பணியிடப் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது என்று புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது.

அந்த 'மற்றவர்களும்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பையையும் சிவப்புப் பையையும் வார்டு வார்டாகத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிற கான்ட்ராக்ட் ஆயா அதற்குள் வருகிறார். பையைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டும் ஊசி முதலில் குத்துவது அவர் தொடையில்தான். பட்டியலில் அவர் பெயரே இல்லை என்றால் சுற்றறிக்கைக்குப் பின்னால் இருப்பது ஊழியர் நலனா, ஆய்வாளரிடம் காட்டப்போகும் ஃபைலா என்று தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் நான் கேட்பேன். உங்கள் வழக்குக்கு இது பலம் சேர்க்கும். ஆயாக்களுக்கும் ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது.

விதி நிர்வாகத்துக்குக் கடமை வைத்திருக்கிறது என்பதாலேயே உங்கள் கையைப் பிடித்து ஊசி போட முடியுமா? முடியாது. மறுத்தவரை வேலையை விட்டு நீக்கலாம் என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை.

கொரோனா காலத்தில் இதே கேள்வி நீதிமன்றங்களுக்கு வந்தது. 2021 ஜூனில் மேகாலயாவில் கடைக்காரர்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் ஊசி போட்டால்தான் தொழில் செய்யலாம் என்று மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட்டன. கட்டாயப்படுத்திப் போடுவது வாழ்வாதார உரிமையில் கை வைப்பது என்றது அந்த ஊர் உயர் நீதிமன்றம். அடுத்து 2022 மே 2ஆம் தேதி, ஜேக்கப் புலியல் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. புலியல் ஒரு குழந்தை மருத்துவர், தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவில் முன்பு உறுப்பினராக இருந்தவர். தமிழ்நாடு அரசும் அந்த வழக்கில் ஒரு எதிர்மனுதாரர். 2021 நவம்பரில் இங்கே பொது இடங்களுக்குத் தடுப்பூசி போட்டவர்கள் மட்டுமே வரலாம் என்று உத்தரவு வந்தது நினைவிருக்கும்.

நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒருவர் உடம்பு அவருடையது, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைக் காக்கிறது, யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. ஆனால் ஊர் நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம். அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்ட ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அது அளவு மீறாமலும் இருக்க வேண்டும். ஊசி போடாதவர் போட்டவரை விட அதிகமாகக் கொரோனாவைப் பரப்புகிறார் என்பதற்கு அரசுகள் ஆதாரம் எதுவும் காட்டவில்லை, ஆகவே அந்தக் கட்டுப்பாடுகள் அளவு மீறியவை. தனியார் நிறுவனங்கள் உட்பட எல்லோரும் தங்கள் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஆலோசனையும் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நேராக எச்.ஆர். அறைக்குப் போய்விடாதீர்கள். அதில் இரண்டு இடைஞ்சல் இருக்கிறது. ஒன்று, அந்த ஆலோசனை அன்றைய கொரோனா நிலவரத்துக்கு மட்டும் என்று நீதிமன்றமே கட்டம் போட்டுவிட்டது. இரண்டு, உங்கள் நிர்வாகம் அரசு அல்ல. 21ஆம் பிரிவைக் காட்டி ஒரு தனியார் மருத்துவமனை மீது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு ஜெயிப்பது சுலபமில்லை. ஆனால் அதிலிருந்து நமக்கு உதவும் ஒரு கேள்வி கிடைக்கிறது: ஊசி போடாததால் ஆபத்து யாருக்கு? கொரோனாவில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து என்றார்கள், அதையே ஆதாரம் காட்டி நிறுவ முடியவில்லை. ஹெபடைடிஸ் பி ரத்தத்தால் பரவுவது. டியூப் உடைந்தாலும் ஊசி குத்தினாலும் ஆபத்து பெரும்பாலும் உங்களுக்குத்தான். உங்களைக் காப்பாற்றுவதற்காக வந்த விதியை வைத்து உங்கள் சோற்றில் மண்ணைப் போடுவது என்ன நியாயம் என்று கேட்கலாம்.

நிர்வாகத்தின் வக்கீலும் சும்மா இருக்க மாட்டார். 'ஃபேக்டரியில் ஹெல்மெட் போட மறுப்பவரை உள்ளே விடுவோமா, இதுவும் அதுபோலத்தான்' என்பார். இதே வாதம் அமெரிக்காவில் அடிபட்டது. 2022 ஜனவரி 13 அன்று, பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் கொரோனா ஊசியோ வாராந்தரப் பரிசோதனையோ கட்டாயம் என்ற அரசு ஆணையை அங்குள்ள உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வேலை நேரம் முடிந்ததும் ஊசியைக் கழற்றி வைக்க முடியாதே என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி. ஆனால் அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகளின் ஊழியர்களுக்கு மட்டும் ஊசிக் கட்டாயத்தை 5க்கு 4 என்ற கணக்கில் அனுமதித்தார்கள். மருத்துவப் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசியெல்லாம் வழக்கமாகவே கேட்கப்படுவதுதானே என்று காரணமும் சொன்னார்கள். ஆக, மில்லில் வேலை செய்பவருக்குச் சொல்வதை அப்படியே லேபில் இருப்பவருக்குச் சொல்லிவிட முடியாது. அதே அமெரிக்காவில் 1991இல் வந்த இன்னொரு விதி எனக்குப் பிடிக்கும். ரத்தத்தோடு புழங்கும் வேலை என்றால், சேர்ந்து பத்து வேலை நாளுக்குள் ஹெபடைடிஸ் பி ஊசியை முதலாளி இலவசமாகத் தர முன்வர வேண்டும். வேண்டாம் என்றால் ஊழியர் எழுதிக் கொடுக்கலாம், பிறகு மனம் மாறினால் அப்போதும் இலவசம். நீங்கள் எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட அந்தக் கடிதம்தான்.

அப்படியானால் நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? வேண்டியதில்லை. நோயாளியின் நரம்பில் ஊசி ஏற்றும் இடத்திலிருந்து உங்களை ரிப்போர்ட் அடிக்கும் மேசைக்கோ, மாதிரிகளைப் பதிவு செய்யும் கவுண்டருக்கோ அதே சம்பளத்தில் மாற்றலாம். மாற்றினால் சண்டை போடாதீர்கள், அது நியாயமான ஏற்பாடு. மறுத்ததற்கு எழுத்தில் காரணம் கேட்கலாம், மருத்துவச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். உங்கள் மறுப்பு ஒழுங்கீனம் என்று அவர்கள் கருதினால் மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கி, உள்விசாரணை நடத்த வேண்டும். விசாரணை முடியும் வரை சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. கொரோனா ஊசியை மறுத்த விமானப் படை வீரர் ஒருவர் 2021இல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நாடு முழுக்க ஒன்பது பேர் மறுத்தார்கள், அவர்களில் ஷோகாஸ் நோட்டீசுக்குப் பதிலே தராத ஒருவரை மட்டும் நீக்கினோம் என்று அங்கே அரசுத் தரப்பு சொன்னது. படையிலேயே நோட்டீஸ் கொடுத்துத்தான் நீக்குகிறார்கள். உங்கள் எச்.ஆர். ஒரு காகிதமும் தராமல் சார்ட்டில் பெயரை மட்டும் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதில்தான் அவர்கள் வழுக்கியிருக்கிறார்கள். வேலை செய்யத் தயாராக வந்து நிற்பவரை நிர்வாகமே தடுத்தால் 'நோ வொர்க் நோ பே' பேச முடியாது, அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. ஆனால் நீங்கள் தயாராக வந்து நின்றீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வீட்டில் இருந்தபடி போனில் கேட்டுக்கொண்டிருந்தால், 'அவங்க வேலைக்கே வரல, தானா நின்னுட்டாங்க' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

2022 தொடக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் என்னிடம் வந்தார். ஊசி சர்டிஃபிகேட் இல்லை என்று அவரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அவர் மகளுடையது, முதல் நாலு பக்கம் பெருக்கல் வாய்ப்பாடு. ஐந்தாம் பக்கத்திலிருந்து தினமும் ஒரு வரி: 'காலை 8.20க்கு வந்தேன். வாட்ச்மேன் இன்னார். சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டு இல்லை என்றார். 8.50க்குத் திரும்பினேன்.' முப்பத்தேழு நாள், முப்பத்தேழு வரி. சில வரிகளுக்கு நேரே டீக்கடைக்காரரின் கையெழுத்தும் இருந்தது, ஏன் வாங்கினார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சமரசப் பேச்சில் கம்பெனி தரப்பு 'ஆப்சென்ட்' என்று ஆரம்பித்ததும் நான் ஒன்றும் பேசாமல் நோட்டை மேசையில் வைத்தேன். அதிகாரி இரண்டு பக்கம் புரட்டினார். அன்று மாலையே சம்பளத்தோடு திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். தீர்ப்பு, மேற்கோள் எல்லாம் நான் கட்டுக் கட்டாகக் கொண்டுபோயிருந்தேன், ஒன்றையும் பிரிக்க வேண்டி வரவில்லை.

நீங்களும் நாளையிலிருந்து உங்கள் வழக்கமான ஷிஃப்ட் நேரத்துக்குப் போங்கள். கைரேகை வைக்க விட்டால் வையுங்கள். விடாவிட்டால் வாசலிலிருந்தே லேப் இன்சார்ஜுக்கு ஒரு வாட்ஸ்அப்: 'பணிக்கு வந்துள்ளேன், அனுமதிக்கவில்லை.' பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நேரம் பதிவாகும்.

அதோடு ஒரு கடிதம். நீளமாக வேண்டாம், ஒரு பக்கம் போதும். இன்ன தேதியில் ஊசியை மறுத்து எழுதிக் கொடுத்தேன். இன்ன தேதியிலிருந்து எந்த எழுத்து உத்தரவும் இல்லாமல் எனக்குப் பணி மறுக்கப்படுகிறது. நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. கையுறை, கண்ணாடி, ஊசி அப்புறப்படுத்தும் முறை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பேன், தேவைப்பட்டால் வேறு மேசைக்கு மாற்றினாலும் சம்மதம். பணி மறுக்கப்பட்ட நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். இவ்வளவுதான். கடைசி வரியாக, தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் ஆலோசித்து வருகிறேன் என்று சேருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள், ஒப்புகை கேட்டு. (ரிஜிஸ்டர் தபால் என்று தனியாக இப்போது இல்லை, 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். போன வாரம்கூட ஒருவர் தபால் நிலையத்தில் அதற்காகத் தகராறு செய்துவிட்டு வந்தார்.)

ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் கோவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தபின் பிரிவு எண்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன, எங்களுக்கே புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனுவில் பிரிவு எண் எதுவும் எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். நிர்வாகம் உங்களைக் காரணம் சொல்லாமல் அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தாலும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு என்ற கணக்கு பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஏழு வருடத்துக்குக் கிராஜுவிட்டி தனி. சும்மா ரிசைன் செய்தால் கிராஜுவிட்டி தவிர மற்றது போய்விடும். எச்.ஆர். ஏன் அவ்வளவு அன்பாகப் பேசுகிறார் என்பது இப்போது புரியும். ஒன்றை மட்டும் விசாரித்து வையுங்கள்: உங்கள் மருத்துவமனையை நடத்துவது கம்பெனியா, அறக்கட்டளையா? தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இடங்களைப் புதிய தொழிலுறவுத் தொகுப்பு 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. அறக்கட்டளை என்றால் அதைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள், நாமும் வேறு வழியில் போக வேண்டியிருக்கும்.

அந்தப் படிவம். அதில் முதல் பாதி பரவாயில்லை. ஊசியின் பயனை எனக்கு விளக்கினார்கள், நானாக இப்போதைக்கு மறுக்கிறேன் என்ற அளவில் இருந்தால் கையெழுத்துப் போடலாம், 'இப்போதைக்கு' என்ற சொல் இருக்கட்டும். நோய் வந்தால் பொறுப்பல்ல, இழப்பீடு கேட்க மாட்டேன் என்ற பாதியைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வையுங்கள். அடிக்க விடமாட்டேன் என்றால் போடாதீர்கள். மருத்துவமனை, ஆய்வுக்கூட வேலையில் தொற்றும் நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் வெகு காலமாக இருக்கிறது. அதற்கான இழப்பீட்டு உரிமையை ஊழியரே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது, இப்போது அந்தச் சட்டம் புதிய தொகுப்புக்குள் போய்விட்டது. உங்கள் சம்பளம் 21,000க்குள் இருப்பதால் ஈ.எஸ்.ஐ.யில் இருப்பீர்கள், அங்கேயும் வேலையால் வந்த நோய்க்குச் சலுகை உண்டு. செல்லாத காகிதம்தானே, போட்டால் என்ன என்று கேட்பீர்கள். செல்லாது என்று நிரூபிக்க மூன்று வருடம் அலைய வேண்டும், அதனால்தான்.

இதுவரை வக்கீலாகப் பேசினேன். இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வழக்கில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. ஊசி விஷயத்தில் இல்லை.

நீங்கள் லேபில் இருப்பவர், இந்தக் கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும்: நோய் தீவிரமாக உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், எச்.ஐ.வி. தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்கு. ஊசி போடாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தொற்றுவது நூற்றில் முப்பது பேர் வரை. மேசையில் காய்ந்துபோன ரத்தத் துளியில்கூட இந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும். என் கட்சிக்காரர் ஒருவர், உங்களைப் போல டெக்னீஷியன், இரவு ட்யூட்டியில் ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டும்போது கட்டைவிரலில் குத்திக்கொண்டார். நோயாளிக்கு பாசிட்டிவ். இவர் தடுப்பூசி போட்டதில்லை. அப்படியானால் இம்யூனோகுளோபுலின் என்ற விலை கூடின மருந்தை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. அன்றிரவு அவர் கணவர் மூன்று மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கி, நாலாவதில் ஐஸ் பெட்டியில் வாங்கி வந்தார். நோய் வரவில்லை. ஆனால் அடுத்த ஆறு மாதம், ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் அந்த அம்மாள் தூங்கவில்லை. இழப்பீட்டு வழக்கு எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அந்த ஆறு மாதத்தை என்னால் வாங்கித் தர முடியாது.

தடுப்பூசி ஈஸ்ட்டில் தயாரிக்கும் ஒரு புரதம், அதில் கிருமி கிடையாது. முன்பு போட்ட டோசுக்கோ ஈஸ்ட்டுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. நீங்கள் 2021இல் மயங்கி விழுந்தது அந்த வகையாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அன்று என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் மயக்கம், தடிப்பு வந்ததா, மூச்சு அடைத்ததா என்று அவரிடம் சொல்லுங்கள். ஒவ்வாமை என்றால் சான்றிதழ் தருவார், உங்கள் வழக்கு இரும்பாகிவிடும். இல்லை, பயத்தில் வந்த மயக்கம் என்றால் படுக்க வைத்துப் போடச் சொல்லுங்கள். கடிதத்தின் கடைசி வரியை நான் சொல்லச் சொன்னது இதற்காகத்தான்: நாளைக்கு நீங்கள் ஊசி போட்டுக்கொண்டால் அது தோற்றதாக ஆகாது, மருத்துவர் சொன்னார், போட்டேன். அப்போதும் 22 நாள் சம்பளம் கேட்கலாம்.

கீழாநெல்லியை நான் கேலி செய்ய மாட்டேன், என் பாட்டியும் அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தவர்தான். சென்னை ஆய்வாளர்கள் அதை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்து, நல்ல பலன் என்று 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. எப்படியானாலும் அது வந்தபின் கொடுப்பது, ஊசி வராமல் தடுப்பது. மாமியாரிடம் இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் மாமியாருக்கு அடுத்தாற்போல. ஊசி என்றால் பயம் என்று சொல்கிற நீங்கள் தினமும் ஐம்பது பேருக்கு ஊசி குத்துகிறீர்கள். நான் தப்பாக நினைக்கலாம், தப்பென்றால் மன்னியுங்கள். உங்கள் பயம் ஊசியா, அதற்கு முன்னால் எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனையா? ஹெபடைடிஸ் பி தாயிடமிருந்து பிரசவத்தின்போது பிள்ளைக்கு வரக்கூடியது. குழந்தைகளுக்கான ஊசி நாடு முழுக்க அரசுத் திட்டத்துக்குள் வந்ததே 2011இல்தான், நீங்கள் அதற்கெல்லாம் முன்னால் பிறந்தவர். உங்கள் லேபிலேயே எடுத்தால் ரிசல்ட்டை உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர்தான் முதலில் பார்ப்பார். அதற்குப் பயந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியில் எடுத்துக்கொள்கிறேன், முடிவு என் சொந்த விஷயம் என்று நிர்வாகத்திடம் தாராளமாகச் சொல்லலாம்.

பாசிட்டிவ் என்று வந்தால் வேலை போய்விடுமா? எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2017இல் தனிச் சட்டம் வந்தது, ஹெபடைடிஸ் பி-க்கு அப்படி ஒன்று இல்லை. அது நம் சட்டத்தில் உள்ள ஓட்டை, மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்த நோய் இருப்பது மட்டுமே ஒருவரை மருத்துவப் பணியிலிருந்து விலக்கக் காரணம் ஆகாது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2012இலேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. நீங்கள் அறுவை சிகிச்சை செய்பவர் அல்ல, ரத்த மாதிரியை ஓட்டுபவர். அந்த வழக்கை நான் சந்தோஷமாக எடுத்து நடத்துவேன். மருந்துக்கும் பரிசோதனைக்கும் காசு வேண்டாம், 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

நாளைக் காலை மருத்துவமனை வாசலில் நின்று வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு, அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உடன்பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.